பெண்ணை விற்கும் பாட்டு

விடியற்காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் மில் பஸ்ஸில் பாட்டுப் போடுகிறார்கள். நடவு முடித்துத் திரும்பும் பெண்கள் ஏறும் மினி பஸ்ஸிலும் பாட்டு. டீக்கடையில் பாட்டு, கல்யாணப் பந்தலில் பாட்டு, அம்மன் கோயில் திருவிழாவில் பாட்டு. கைப்பேசி வந்த பிறகு சட்டைப் பையிலும் பாட்டு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. உடலை வருத்தி உழைக்கிறவர்களுக்குப் பாட்டு வேண்டும். ஏற்றம் இறைத்த காலத்திலும் பாட்டு இருந்தது. நாற்று நட்ட கையோடும் பாட்டு இருந்தது.

ஆனால் இன்று நம் காதில் விழும் பாட்டுகளில் ஒரு பெரும் பகுதி என்ன சொல்லுகிறது? பெண்ணின் உடம்பைக் கசாப்புக் கடைக்காரன்போல் அங்கம் அங்கமாகக் கூறு போடுகிறது. அவளைப் பழத்துக்கும் மீனுக்கும் பலகாரத்துக்கும் ஒப்பிடுகிறது. ஒரு சொல்லில் இரண்டு அர்த்தம் வைத்துக் கண் சிமிட்டுகிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால், அது வேண்டும் என்பதற்கு அடையாளம் என்று ஆணுக்குப் பாடம் நடத்துகிறது. பின்னால் அலைந்தால் மசிவாள் என்கிறது. மசியாவிட்டால் அவள் துரோகி என்கிறது. 2011-இல் வெளிவந்த 'மயக்கம் என்ன' படத்தின் பாட்டு ஒன்று, காதலில் கைவிட்ட பெண்ணை அடிக்கவும் உதைக்கவும் வெட்டவும் சொல்லிக் கூத்தாடியது. அதை நாடே பாடியது.

இந்தப் பாட்டுகளின் வழியே தெருவில் புழங்கும் சொற்களைக் கவனியுங்கள். பெண்ணுக்குச் 'சரக்கு' என்று பெயர். 'அயிட்டம்' என்று பெயர். 'நாட்டுக்கட்டை' என்று பெயர். சரக்கு என்பது கடைக்காரன் சொல். அயிட்டம் என்பது பில் போடுகிறவன் சொல். கட்டை என்பது விறகு மண்டிக்காரன் சொல். மனுஷியைக் குறிப்பிட வியாபாரியின் சொல் எப்படி வந்தது? வியாபாரம் நடப்பதனால் வந்தது. அந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பதைத்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

முதலாளி மாறினான், வியாபாரம் மாறவில்லை

பாட்டும் ஆட்டமும் ஒரு காலத்தில் ஜமீன்தார், மிராசுதார் வீட்டுப் பெருமையாக இருந்தன. கோயிலில் பொட்டுக் கட்டிவிடப்பட்ட பெண்கள்தான் சங்கீதத்தையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். கலை அவர்களுடையது, அவர்களுடைய உடம்பின் மேல் உரிமை கொண்டாடியவன் பணக்காரன். இந்த இழிவை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். அந்த வாழ்க்கையின் கொடுமையை நேரில் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதினார். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பொட்டுக் கட்டுவது ஒழிந்தது. பெண்ணின் உடம்பைப் பாட்டில் வைத்துக் காசாக்குவது ஒழியவில்லை. மிராசுதார் இருந்த நாற்காலியில் சினிமா முதலாளியும் இசைத்தட்டுக் கம்பெனியும் வந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் 'காளிதாஸ்' படத்தோடு தமிழ்ப் பேசும் படம் பிறந்தது. அன்று முதல் படம் வேறு, பாட்டு வேறு என்று இருந்ததே இல்லை. படத்தை விற்கப் பாட்டு. பாட்டை விற்கப் படம்.

1980-களில் கேசட் வந்தது. மலிவான பொருள், பஸ்ஸிலும் கடையிலும் நாள் முழுதும் ஓடியது. பிறகு தனியார் எப்.எம். வானொலி வந்தது. 2016 செப்டம்பரில் அம்பானியின் ஜியோ வந்த பிறகு, கூலிக்காரன் கையிலும் படம் ஓடத் தொடங்கியது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பெனி இன்று 'சரிகம' என்ற பெயரில் கோயங்கா குடும்பத்தின் கையில் இருக்கிறது. கல்கத்தா நகருக்கு மின்சாரம் விற்பதும் அதே குடும்பம்தான். ஜப்பானிய சோனி கம்பெனியும் தமிழ்ப் பாட்டு விற்கிறது. படம் வருவதற்கு முன்னாலேயே பாட்டு யூடியூபில் வந்துவிடுகிறது. நாம் எத்தனை முறை பார்க்கிறோமோ அத்தனைக்கும் விளம்பரக் காசு. அதில் கூகுள் கம்பெனிக்கு ஒரு பங்கு, பாட்டுக் கம்பெனிக்கு ஒரு பங்கு.

ஆகவே படத்தில் கோடிக்கணக்கில் பணம் போடுகிறவன், கதை விலை போகுமோ போகாதோ என்று அஞ்சி, கதைக்கு ஒட்டாத ஒரு நாலு நிமிஷப் பாட்டைச் செருகுகிறான். அதற்குக் 'குத்துப் பாட்டு' என்றோ 'அயிட்டம் பாட்டு' என்றோ பெயர். அது அவனுக்கு இன்ஷ்யூரன்ஸ். பிரீமியம் கட்டுவது பெண்ணின் மானம்.

பெண்ணை இரண்டாகப் பிளந்தார்கள்

தமிழ் சினிமா தொடக்கத்திலிருந்தே பெண்ணை இரண்டாகப் பிளந்து வைத்தது. ஒருத்தி கதாநாயகி: குனிந்த தலை, குத்துவிளக்கு, தாலி. இன்னொருத்தி கிளப்பில் ஆடுகிறவள். குரலைக்கூடப் பிளந்தார்கள். குலமகள் பாட்டுக்குப் பி. சுசீலாவின் குரல், கிளப் டான்ஸ் பாட்டுக்குப் பெரும்பாலும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். இருவரும் மகத்தான பாடகிகள். குரலில் குற்றம் இல்லை. குரலுக்கு ஜாதி பிரித்தவனிடம்தான் குற்றம். கதாநாயகன் முதலாமவளுக்குத் தாலி கட்டுவான். தியேட்டர்காரன் இரண்டாமவளைக் காட்டி டிக்கட் விற்பான். 1990-களுக்குப் பிறகு தனியாக ஓர் ஆட்டக்காரியை வைக்கும் செலவும் குறைந்தது. கதாநாயகியே இரண்டு வேலையும் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்தப் பிளவு திரையோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது தெருவுக்கு இறங்கி வந்துவிட்டது. வீட்டுக்குள் இருப்பவள் ஒரு ரகம். வெளியே வருகிறவள் வேறு ரகம். அப்படியானால் வெளியே வருகிறவள் யார்? பங்களாவில் இருக்கும் முதலாளியின் மனைவியா? இல்லை. சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாளே, அவள். இரவு ஷிப்டு முடிந்து பஸ் நிறுத்தத்தில் தனியே நிற்கிறாளே, அவள். செங்கல் சூளையில், கட்டிட வேலையில், கம்பெனியில் ஆண்களுக்கு நடுவே நின்று உழைக்கிறாளே, அவள். பாட்டு போட்ட கணக்கில் அவள் இரண்டாம் ரகத்தில் சேர்க்கப்படுகிறாள். ஆகவேதான் இந்தப் பாட்டுகளின் அடி முதலில் விழுவது உழைக்கும் பெண்ணின் மேல் என்று சொல்லுகிறோம்.

ஆலையிலும் வயலிலும்

ஒரு பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் எவனும் கொலைகாரன் ஆகிவிடுவதில்லை. அப்படிச் சொல்லுவது விவரமற்ற பேச்சு. பாட்டு வேறு வேலை செய்கிறது. எது வேடிக்கை, எது குற்றம் என்ற கோட்டை அது கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. மேஸ்திரி, நூல் அறுந்ததை ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் பின்னால் போய் நின்றுகொண்டு ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறான். அவள் முறைத்தால், "நான் பாட்டுத்தானே பாடினேன்" என்கிறான். பக்கத்து மிஷினில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவளுக்கு என்ன புகார் கொடுக்க முடியும்? வரப்பில் நிற்கும் பண்ணைக்காரன் மகனும் இதைத்தான் செய்கிறான். பாட்டு அவனுக்குக் கேடயம். சிரிக்கும் நாம் அவனுக்குப் படை.

இந்த வேடிக்கை எங்கே போய் முடியும் என்பதை நம் நாடு பார்த்திருக்கிறது. 1998 ஜூலையில் சென்னை நகரில், ஆட்டோவில் வந்த வாலிபர் கூட்டம் ஒன்றின் 'கேலி' ஒரு கல்லூரி மாணவியின் உயிரைக் குடித்தது. அதன் பிறகே பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு தலித் பெண், ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் ஆலையின் தொழிலாளி, கொலை செய்யப்பட்டாள். கைதானவன் அதே ஆலையின் சூப்பர்வைசர். அவள் கொலைக்குப் பிறகுதான், அந்த ஆலையில் பெண்கள் பட்ட பாலியல் தொல்லைகள் உலகத்துக்குத் தெரியவந்தன.

சிறுவர்கள் மேல் விழும் அடி இன்னொன்று. எட்டு வயதுப் பையனும் பெண்ணும் பள்ளி ஆண்டு விழா மேடையில் இந்தப் பாட்டுகளுக்கு இடுப்பை ஆட்டுகிறார்கள். பெற்றோர் கை தட்டுகிறார்கள். பெண் என்பவள் பார்க்கப்படுவதற்கே பிறந்தவள் என்று பையன் கற்றுக்கொள்ளுகிறான். அதையே பெண் குழந்தையும் கற்றுக்கொள்ளுகிறாள். அவளுக்கு நேரும் நஷ்டம் பெரிது.

ஆடுகிறவளும் தொழிலாளிதான்

"பெண்களே இஷ்டப்பட்டுத்தானே ஆடுகிறார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். வேலை நிறுத்தத்தின்போது முதலாளி கேட்பானே, "இஷ்டப்பட்டுத்தானே இந்தக் கூலிக்கு வந்தாய்?" என்று, அதே கேள்விதான் இது.

சில்க் ஸ்மிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்தில் ஏலூர்ப் பக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பெண். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது, கல்யாணம் கசந்தது, சென்னைக்கு வந்து நடிகைகளுக்கு ஒப்பனை உதவி செய்து பிழைத்தார். 1980-இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவர் பெயராக ஒட்டிக்கொண்டது. 1980-கள் முழுதும் தென்னாட்டில் எத்தனையோ படங்கள் அவருடைய ஒரு பாட்டை நம்பி விற்பனையாயின. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை' போன்ற நல்ல படத்திலும் அவர் இருந்தார். அவருக்கு நடிக்கவும் தெரியும் என்பதைச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர். 1996 செப்டம்பர் 23-ஆம் தேதி சென்னையில் தம் வீட்டில் பிணமாகக் கிடந்தார். வயது 35. கதை அதோடு முடியவில்லை. 2011-இல் அவர் வாழ்க்கையைத் தழுவியதென்று பேசப்பட்ட ஒரு இந்திப் படம் வந்து நல்ல வசூல் பார்த்தது. இருந்தபோதும் அவர் உடம்பு லாபம். செத்த பிறகும் லாபம்!

பெயர் தெரிந்த ஒருவர் கதி இது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று ஆடும் குரூப் டான்ஸர்கள் தினக்கூலிப் பெண்கள். கேரளத்தில் சினிமாவில் பெண்களின் நிலையை விசாரித்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை வெளியே வர 2024 ஆகஸ்டு ஆயிற்று. படப்பிடிப்புத் தளத்தில் பெண்களுக்குக் கக்கூசும் உடை மாற்ற அறையும்கூட இல்லாததை அது எழுதியது. வாய்ப்புக்கு விலையாக உடம்பைக் கேட்பதையும் எழுதியது. எல்லை தாண்டினால் சினிமாவின் குணம் மாறிவிடாது.

2018 அக்டோபரில் பாடகி சின்மயி, பிரபல பாடலாசிரியர் ஒருவர் தம்மிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அவர் மறுத்தார். குற்றம் உண்டா இல்லையா என்பதை விசாரிக்க வேண்டியது நியாயம். ஆனால் அடுத்த மாதமே சின்மயி டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்பது சொல்லப்பட்ட காரணம். சங்கம் என்பது தொழிலாளிக்குக் குடை. வாய் திறந்த பெண் மழையில் நின்றாள் என்றால், அந்தக் குடை யாருக்குப் பிடிக்கப்படுகிறது?

பாட்டின் வரிகளைக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 'புஷ்பா' படம் ஒரு பாடம். 2021 டிசம்பரில் வந்த அந்தப் படத்தில் ஒரு பாட்டு, பெண் எந்த உடை உடுத்தினாலும் ஆணின் பார்வைதான் கோணலாக இருக்கிறது என்று ஆண்களைச் சாடியது. ஆந்திரத்தில் ஆண்கள் சங்கம் ஒன்று கோபித்துக்கொண்டு ஆட்சேபம் கிளப்பியது! ஆனால் காமிரா என்ன செய்தது? வழக்கம்போலப் பெண்ணின் உடம்பின் மேல்தான் ஊர்ந்தது. வார்த்தை ஆணைக் கண்டித்தது. படம் அவனுக்குத் தீனி போட்டது. கண்டனத்தையும் சரக்காக்கி விற்கத் தெரிந்தவன்தான் முதலாளி.

நம் எதிர்ப்பு வேறு, பழைமைவாதியின் எதிர்ப்பு வேறு

இந்தப் பாட்டுகளை எதிர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சி அல்ல. 'கலாச்சாரம் கெட்டுவிட்டது' என்று கூச்சலிடுகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பெண்ணின் உடை. முதலாளியின் லாபம் தெரிவதில்லை. அவர்கள் சொல்லும் மருந்து, பெண்ணை வீட்டுக்குள் பூட்டுவது. ஜாதி மாறிக் காதலித்த பெண்ணை வெட்டிப் போடுகிறவனும் 'மானம்' என்றுதான் பேசுகிறான். பெண்ணைச் சந்தையில் விற்பவனும், பெட்டியில் பூட்டுபவனும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையானவர்கள்: பெண்ணின் உடம்புக்குச் சொந்தக்காரி பெண் அல்ல என்பதே அது. நாம் இருவரையும் எதிர்க்கிறோம்.

காதலையும் ஆசையையும் பாடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் தெம்மாங்கில் இல்லாத காதலா? நடவுப் பாட்டில் இல்லாத கேலியா? ஆனால் அங்கே பெண் திருப்பிப் பாடுகிறாள். ஆணைக் கேலி செய்கிறாள், கேள்வி கேட்கிறாள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்கிறாள். ஒப்பாரியிலே தன்னைக் கொடுமைப்படுத்திய புகுந்த வீட்டின் கணக்கையே எடுத்து வைக்கிறாள். அவளுக்கு அங்கே வாய் உண்டு. வியாபாரப் பாட்டில் அவளுக்கு இடுப்பு மட்டும்தான் உண்டு. வித்தியாசம் இதுதான்.

கிராமத்துக் கலையையும் இந்தச் சந்தை விட்டுவைக்கவில்லை. கரகம் எடுத்து ஆடும் பெண்ணின் தலையில் இருக்கும் கரகத்தைப் பார்க்க ஆளில்லை; உடையைக் குறைக்கச் சொல்லும் காண்டிராக்டரும், நோட்டைக் குத்த வரும் ஊர்ப் பெரியதனக்காரனும்தான் மிச்சம். 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பெயரில் ஒரு சமூகத்துப் பெண்களையே மேடையேற்றி இழிவு செய்தார்கள். அந்தச் சமூகத்தார் முறையிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டது. 2023-இல் அரசு அதற்குத் தடை போட்டது. இழிவுக்கு ஆளானவர்களே எழுந்து நின்றால் காரியம் நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்க 1986-இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. விளம்பரம், புத்தகம், படம் என்று அச்சுக் காலத்தை மனத்தில் வைத்துச் செய்த சட்டம் அது. அதை மின்னணு ஊடகங்களுக்கும் விரிவாக்க 2012-இல் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதா சட்டமாகவே இல்லை. சினிமாப் பாட்டு தணிக்கைக் குழுவின் கையைத் தாண்டி வர வேண்டும். ஆனால் அங்கே ஒரு வார்த்தையை வெட்டுவார்கள்; பார்வையை வெட்ட முடியாது. நேரே இணையத்தில் விடப்படும் பாட்டுக்கு அந்தக் கத்தரிக்கோலும் இல்லை.

2015 டிசம்பரில் இதைக் கண்டோம். சென்னை வெள்ளத்தில் மூழ்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாட்கள். அப்போது பிரபல நடிகர் ஒருவர் பாடிய 'பீப் பாட்டு' இணையத்தில் பரவியது. பெண்ணின் உறுப்பைச் சொல்லித் திட்டும் கெட்ட வார்த்தையின் மேல் ஒரு 'பீப்' சத்தம். அது மறைத்ததைவிடக் காட்டியதே அதிகம். தாம் அதை வெளியிடவில்லை, யாரோ திருடி விட்டுவிட்டார்கள் என்றார் நடிகர். மாதர் அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. கோவையில் ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்தது. போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. மாநிலமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். பெரிய நட்சத்திரமானாலும் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது சட்டப் புத்தகம் அல்ல; அந்தப் பெண்களின் கோபம்.

சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணை அவமதிக்கும் சொல்லும் சைகையும் குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதையின் 79-ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. பொது இடத்தில் ஆபாசப் பாட்டுப் பாடிப் பிறருக்குத் தொல்லை தருவது 296-ஆம் பிரிவின்படி குற்றம். "பாட்டுத்தானே பாடினேன்" என்கிற மேஸ்திரிக்கு இதைச் சொல்லிக் காட்டலாம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைகளை விசாரிக்கப் பெண் தலைமையில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களுக்கு மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் மில்லில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் இருப்பவர்கள் யார்? தொழிலாளிப் பெண் இருக்கிறாளா, மேனேஜரின் ஆட்கள் மட்டும்தானா? கேளுங்கள்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 2021-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் நடந்த அந்தக் கொலைக்குப் பிறகு, தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியோடும், அந்தத் துணியை வாங்கும் அந்நிய நாட்டுக் கம்பெனிகளோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. வேலைத்தளத்தில் நடக்கும் தொல்லையைப் பெண் தொழிலாளர்களே கண்காணித்துச் சொல்லலாம். சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். ஓர் உயிர் போன பிறகு வந்த ஒப்பந்தம். மற்ற ஆலைகளும் ஓர் உயிர் போகும் வரை காத்திருக்க வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியது

முதல் வேலை ஆண்களுக்கு. மேஸ்திரி பாடும்போது சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்புத்தான் அவன் பலம். மில் பஸ்ஸில் அசிங்கமான பாட்டு ஒலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் டிரைவர் நிறுத்துவார். பெண் சொன்னால் 'திமிர்' என்பார்கள். ஆகையால் நீங்கள் முதலில் சொல்லுங்கள். கூலி உயர்வுக்குக் கொடி பிடித்துப் பக்கத்தில் நிற்கும் தோழி, வேலை முடிந்து வீடு போகும் வழியில் 'சரக்கு' ஆகிவிட மாட்டாள். அவளை அப்படிப் பார்க்கிறவன் சங்கத்தை உடைக்கும் வேலையை முதலாளிக்கு இனாமாகச் செய்துகொடுக்கிறான். பாதிப் பேர் அவமானத்தோடு நிற்கும் சங்கம் எந்தப் போராட்டத்தில் ஜெயிக்கும்?

இரண்டாவது, சங்கங்களுக்கு. ஒவ்வொரு கோரிக்கைப் பட்டியலிலும், கூலி போனஸ் கோரிக்கைகளுக்குப் பக்கத்திலேயே, உள்புகார்க் குழுவும் ஒரு கோரிக்கையாக ஏற வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கம் உள்ளூர்ப் புகார்க் குழு எங்கே இருக்கிறது என்று கலெக்டர் ஆபீசில் கேட்டு, கிராமத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். சினிமாத் தொழிலாளர் சங்கங்கள் குரூப் டான்ஸர்களின் கூலியையும் பாதுகாப்பையும் தங்கள் பிரச்னையாக எடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஊருக்கு. திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் பெரும்பகுதி நம் பணம். அந்தப் பணத்தில் ஆபாச ஆடல் பாடல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதே பணத்தைப் பறையடிப்பவர்களுக்கும், கும்மி, ஒயில், கரகக் கலைஞர்களுக்கும் கௌரவமான சம்பளமாகக் கொடுங்கள். ஆடுகிற பெண்ணை விரட்டாதீர்கள். அவளுக்கு மரியாதையான வேலை கொடுங்கள்.

நமக்குப் பாட்டு இல்லாமல் இல்லை. விவசாயக் குடும்பத்தில் பிறந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் 29 வயதில் மறைந்தார். அதற்குள் அவர் சினிமாவுக்குள்ளேயே நின்று உழைப்பாளியின் வேர்வையையும் ஆசையையும் எழுதிக் காட்டினார், பெண்ணைக் கூறு போடாமல் காதலையும் எழுதினார், ஜனங்கள் பாடினார்கள். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிய எம்.பி. சீனிவாசன் 1960-இல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். பிற்காலத்தில் சென்னை இளைஞர்களைச் சேர்த்துக் கூட்டாகப் பாடக் கற்றுக்கொடுத்தார். ஜனங்கள் ஆபாசத்தைத்தான் கேட்கிறார்கள் என்று முதலாளி சொல்லுவது பொய். நல்லது கொடுத்த காலத்தில் ஜனங்கள் நல்லதைக் கொண்டாடினார்கள். ஜனங்களின் ருசியின் மேல் பழி போடுகிறவன், தன் கல்லாவை மறைக்கப் பார்க்கிறான்.

பஞ்சை நூலாக்குகிற கையும், சேற்றைச் சோறாக்குகிற கையும் பெண்ணின் கை. இந்த நாட்டுக்கு உடை கொடுப்பவளும் உணவு கொடுப்பவளும் அவள். அவளைச் சரக்கு என்று பாடுகிறவன் பாட்டுக்கு நாம் தாளம் போட மாட்டோம். நம் சங்கங்களில், நம் தெருக்களில், நம் திருவிழாக்களில் இந்தத் தீர்மானத்தைப் போடுவோம், போட்டதை நிறைவேற்றுவோம்!